மருந்துக்கடையில் ஒரு நோட்டு வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மருந்துக்கடையில் மாத்திரை மாறிப்போன செய்தி நாளிதழ்களில் அவ்வப்போது வருகிறது. கடை இருந்த தெரு, உறவினர்களின் வாக்குவாதம், போலீஸ் புகார், அதிகாரிகள் சோதனை எல்லாம் அதில் இருக்கும். எந்த மாத்திரைக்குப் பதிலாக எந்த மாத்திரை போனது, இரண்டும் ரேக்கில் எங்கெங்கே இருந்தன, டாக்டர் சீட்டில் என்ன எழுதியிருந்தது, எடுத்தவரே சரிபார்த்தாரா என்ற விவரம் பெரும்பாலும் இருப்பதில்லை. அதைப் படிக்கும் இன்னொரு கடைக்காரர் தன் கடையில் மாற்றிக்கொள்ள அதில் ஒன்றும் கிடைக்காது. அந்த விவரத்தையும் கேட்டு வாங்கிப் போடும்படி உங்கள் நிருபர்களை முதலில் கேட்டுக்கொள்கிறோம். கடையின் பெயரை விட அதுதான் ஊருக்கு உபயோகம்.

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், புதுவயல் பக்கத்து மருந்துக்கடைகளில் வேலை பார்க்கும் மருந்தாளுநர்கள் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். மாத்திரை எடுத்துக் கொடுத்த பையனை வேலையை விட்டு நிறுத்துவதால் அந்தக் கடையில் தவறு நிற்பதில்லை. அதே ரேக், அதே நெரிசல், அதே கிறுக்கல் சீட்டு இருக்கும்வரை அடுத்து வரும் பையனும் அதே இடத்தில்தான் கை வைப்பான். “அண்ணே, மாத்தி எடுத்துட்டேன்” என்று பயமில்லாமல் சொல்ல முடிகிற கடையில்தான் நோயாளிக்குப் பாதுகாப்பு. அந்தப் பழக்கத்தை நம் ஊர்க் கடைகளில் கொண்டுவர, தவறுகளை எழுதிவைக்கும் ஒரு நோட்டு உட்பட என்னென்ன செய்யலாம் என்பதை, எங்கள் தொழிலில் எங்கே எது மாறுகிறது என்ற விவரத்தோடு எழுதுகிறோம்.

தனி கிளினிக் வைத்திருக்கும் டாக்டர்கள் பலர் மாலையில்தான் நோயாளிகளைப் பார்க்கிறார்கள். ஆறு மணிக்கு மேல் கவுன்ட்டரில் நிற்பவர்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் சீட்டை நீட்டுவார்கள். நடுவில் போன் அடிக்கும், ஒருவர் ஸ்கேன் செய்த பணம் வந்ததா என்று கேட்பார், இன்னொருவர் தலைவலித் தைலம் கேட்பார். இரண்டு பேர் சீட்டுக்கான மாத்திரைகள் கண்ணாடி மேல் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும். மாறுவதற்கு இதுவே போதும். ஒரு சீட்டுக்கு ஒரு தட்டு என்று ஆறேழு பிளாஸ்டிக் தட்டு வாங்கிவைத்தால் இதில் பெரும்பகுதி போய்விடும். சீட்டும் அதற்கு எடுத்த மாத்திரைகளும் ஒரே தட்டில் இருக்க வேண்டும். ஒரு தட்டு முடியாமல் அடுத்த தட்டில் கை வைக்கக் கூடாது. நடுவில் போன் எடுக்க நேர்ந்தால், விட்ட இடத்திலிருந்து தொடராமல் அந்தச் சீட்டை முதல் வரியிலிருந்து மறுபடி பார்க்க வேண்டும்.

எடுத்தவரே சரிபார்ப்பது சரிபார்ப்பு ஆகாது. எடுக்கும்போது எப்படித் தவறாகப் படித்தோமோ அப்படியேதான் இரண்டாம் முறையும் கண் படிக்கும். பையன் எடுக்கட்டும், மருந்தாளுநர் பார்க்கட்டும். மருந்தின் பெயர், எத்தனை மி.கி., மாத்திரையா கேப்ஸ்யூலா சிரப்பா, எண்ணிக்கை, காலாவதி தேதி என்று சீட்டையும் அட்டையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். இங்கே பல கடைகளில் செய்கிற ஒரு பிசகு உண்டு. கம்ப்யூட்டரில் பில் போட்டுவிட்டு, அந்த பில்லோடு மாத்திரையை ஒப்பிடுகிறார்கள். பில் போடும்போது முதல் மூன்று எழுத்தைத் தட்டினால் ஒரு பட்டியல் வரும், அதில் ஒரு வரி தள்ளி என்டர் விழுந்தால் பில்லே தவறு. தவறான பில்லைப் பார்த்து எடுத்த தவறான மாத்திரை பில்லோடு சரியாகப் பொருந்தும். ஒப்பிட வேண்டியது எப்போதும் டாக்டரின் சீட்டோடுதான்.

கடைசிச் சரிபார்ப்பு, வாங்க வந்தவர் முன்னால் நடக்க வேண்டும். “முருகன்தானே?” என்று கேட்டால் கூட்டத்தில் யாரும் “ஆமா” என்று தலையாட்டிவிடுவார்கள். “யாருக்கு மருந்து, பேரு வயசு சொல்லுங்க” என்று கேட்டு அவர் வாயால் வரவழைக்க வேண்டும். அப்புறம் கவரைப் பிரித்து ஒவ்வொரு அட்டையையும் காட்டி, இது சுகருக்கு, காலையில் சாப்பாட்டுக்கு முன்னால். இது பிரஷருக்கு, இரவு என்று சொல்ல வேண்டும். “எனக்குச் சுகரே இல்லையே” என்று அவர் சொல்லும் அந்த இடத்தில் பிடிபடும் தவறுகள் உண்டு. இத்தனைக்கும் ஒரு சீட்டுக்கு ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் கூடுதலாக ஆகும். வரிசையில் நிற்பவர்கள் அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எவை மாறுகின்றன என்பதைச் சொல்கிறோம். பெயரின் வாலில் வரும் எழுத்துகள்தான் முதல் ஆபத்து. டெல்மிசார்டான் பிரஷர் மாத்திரை வெறுமனே உண்டு. ஏஎம் என்று வால் வைத்தால் அம்லோடிபின் என்னும் இன்னொரு பிரஷர் மருந்து சேர்ந்தது, ஹெச் என்றால் நீர் பிரிக்கும் மருந்து சேர்ந்தது. மூன்று அட்டையும் ஒரே நிறம், ஒரே எழுத்து, ரேக்கில் அடுத்தடுத்து. எம்ஆர் என்ற வால் வலி மாத்திரையில் வந்தால் தசைப்பிடிப்பைத் தளர்த்தும் மருந்து சேர்ந்தது என்று பொருள்; கிளிக்ளசைடு என்னும் சுகர் மாத்திரையில் வந்தால் மெதுவாகக் கரைவது என்று பொருள். கிளிக்ளசைடில் சாதாரண மாத்திரை 80 மி.கி., மெதுவாகக் கரைவது 30 அல்லது 60 மி.கி. இரண்டையும் ஒன்றுக்கு ஒன்று மாற்றிக் கொடுக்கக் கூடாது. மெட்ஃபார்மின் என்னும் சுகர் மாத்திரை தனியாக இருப்பதும் அதோடு கிளிமிபிரைடு என்னும் இன்னொரு சுகர் மருந்து 1 மி.கி. அல்லது 2 மி.கி. சேர்ந்ததும் ஒரே கம்பெனியில் ஏறக்குறைய ஒரே பெயரில் வரும். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிட வேண்டியவருக்குக் கிளிமிபிரைடு போனால் சர்க்கரை மளமளவென இறங்கும். நம் ஊரில் பெரிய வீட்டில் தனியாக இருக்கும் ஒரு ஆச்சிக்கு இரவில் அது நடந்தால், வியர்த்து, கை நடுங்கி, நினைவு தப்பி விடியும்வரை யாரும் பார்க்க மாட்டார்கள். கந்த சஷ்டி போன்ற விரத நாட்களில் இதே மாத்திரையைச் சரியான அளவில் வாங்குபவரிடமும் “விரதம் இருக்கீங்களா?” என்று ஒரு வார்த்தை கேட்டு, டாக்டரிடம் பேசச் சொல்ல வேண்டும்.

தைராய்டு மாத்திரை மைக்ரோகிராம் கணக்கு. 12.5, 25, 50, 75, 100, 125 என்று வரிசையாக உண்டு. சீட்டில் 12.5 என்று எழுதும்போது புள்ளி மங்கினால் 125 ஆகிவிடும், பத்து மடங்கு. வயதானவருக்கு அது நெஞ்சு படபடப்பில் தொடங்கி இதயத் துடிப்புக் கோளாறில் போய் நிற்கலாம். சீட்டில் 125 என்று தெரிந்தால், அவர் இதுவரை சாப்பிட்ட பாட்டிலைக் காட்டச் சொல்ல வேண்டும். புதிதாகத் தொடங்குபவர் என்றால் டாக்டருக்குப் போன் செய்யாமல் கொடுக்கக் கூடாது.

எங்களை மிகவும் கவலைப்பட வைப்பது மெத்தோட்ரெக்சேட். மூட்டுவாதத்துக்கும் சொரியாசிஸுக்கும் கொடுக்கும் மாத்திரை இது. வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். நம் ஆட்களுக்கு மாத்திரை என்றாலே தினசரி. சீட்டில் வாரம் ஒருமுறை என்று ஆங்கிலச் சுருக்கத்தில் இருப்பதைக் கவனிக்காமல் பையன் கவரில் “இரவு 1” என்று எழுதிவிட்டால், சில நாட்களில் வாய் முழுக்கப் புண், காய்ச்சல், உடம்பில் ரத்தக்கட்டு, ரத்த அணுக்கள் குறைந்து உயிருக்கே ஆபத்து. கூடவே கொடுக்கும் ஃபோலிக் அமில மாத்திரையோடு இதை மாற்றிச் சாப்பிடுவதும் நடக்கிறது. எனவே மெத்தோட்ரெக்சேட்டை மற்ற மாத்திரைகளோடு வைக்காமல் தனி டப்பாவில் “வார மருந்து” என்று சிவப்பில் எழுதி வைக்க வேண்டும். 7.5 மி.கி. என்றால் 2.5 மி.கி. மாத்திரை மூன்று, நான்கு வாரத்துக்குப் பன்னிரண்டு. அதற்கு மேல் ஒரே தடவையில் கொடுக்க வேண்டாம். கவரில் “வாரம் ஒருநாள், ஞாயிறு மட்டும், 3 மாத்திரை” என்று கிழமையோடு எழுத வேண்டும். வாய்ப்புண் வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்ல வேண்டும்.

இன்சுலினில் இன்னொரு கண்ணி. நம் நாட்டில் குப்பி இன்சுலின் பெரும்பாலும் ஒரு மி.லி.க்கு 40 யூனிட். பேனாவுக்கான கார்ட்ரிட்ஜும் சில வகைக் குப்பிகளும் 100 யூனிட். 40-க்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் இன்சுலினைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட். தலைகீழாக, 40 யூனிட் இன்சுலினை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 கோடு இழுத்தால் வெறும் 8 யூனிட். முதலாவதில் சர்க்கரை இறங்கி மயக்கம், இரண்டாவதில் சர்க்கரை ஏறி ஆஸ்பத்திரி. “ஊசி பத்து கொடுங்க” என்று கேட்பவரிடம் எந்த இன்சுலின் என்று கேட்காமல் சிரிஞ்சைக் கொடுக்கவே கூடாது. கலவை இன்சுலினிலும் 30/70, 50/50 என்று இரண்டு உண்டு. டப்பாவில் எண் சிறிதாக இருக்கும். ஃபிரிட்ஜில் இரண்டையும் வெவ்வேறு தட்டில் வையுங்கள்.

ஃபிரிட்ஜ் என்றதும் இதையும் சொல்ல வேண்டும். இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். பல கடைகளில் இருப்பது வீட்டு ஃபிரிட்ஜ். அதன் கதவுத் தட்டில் வைத்தால் ஒவ்வொரு திறப்பிலும் சூடேறும். உறைபெட்டிக்கு ஒட்டி வைத்தால் உறைந்துபோகும். உறைந்து இளகிய இன்சுலின் பார்வைக்குச் சரியாக இருந்தாலும் குப்பையில்தான் போட வேண்டும். உள்ளே ஒரு தெர்மாமீட்டர், கதவில் ஒரு தாள், காலையிலும் மாலையிலும் பார்த்து எழுதுவது. இதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது. கோடையில் மின்சாரம் போய் நேரமானால் எவ்வளவு நேரம் போயிருந்தது என்பதும் அந்தத் தாளில் வர வேண்டும். வெளியூர் ஸ்டாக்கிஸ்டிடமிருந்து பஸ்ஸில் வரும் இன்சுலின் பெட்டியைப் பையன் வாங்கியதும் ஐஸ் பொட்டலம் இன்னும் குளிர்ச்சியாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தே கையெழுத்துப் போட வேண்டும்.

குழந்தைகளின் காய்ச்சல் மருந்தில் மூன்று அடர்த்தி உண்டு. பாராசிட்டமால் சிரப் 5 மி.லி.க்கு 125 மி.கி., அல்லது 250 மி.கி.; சொட்டு மருந்து ஒரு மி.லி.க்கே 100 மி.கி. ஒரு கிலோ எடைக்கு 15 மி.கி. கணக்கில் பத்துக் கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 150 மி.கி. அது 125 சிரப்பில் 6 மி.லி., 250 சிரப்பில் 3 மி.லி., சொட்டு மருந்தில் ஒன்றரை மி.லி. போன தடவை “6 மி.லி. கொடுத்தேன்” என்ற நினைவில் தாய் சொட்டு மருந்தில் 6 மி.லி. ஊற்றினால் 600 மி.கி., நான்கு மடங்கு. எனவே “போன தடவை கொடுத்த அளவே கொடுங்க” என்ற சொல் எங்கள் கடைகளில் கூடாது. குழந்தையின் எடையைக் கேட்டு, அளவு மூடியிலோ ஊசியில்லாத சிரிஞ்சிலோ கோடு போட்டுக் காட்ட வேண்டும். வீட்டு ஸ்பூன் வேண்டாம். ஆன்டிபயாடிக் பொடி பாட்டிலுக்குக் கொதித்து ஆறிய தண்ணீரை எந்தக் கோடு வரை ஊற்றுவது என்று பாட்டிலிலேயே விரல் வைத்துக் காட்டினால் போதும். குளோர்ஃபெனிரமினும் ஃபினைல்எஃப்ரினும் சேர்ந்த சளி மருந்தை நான்கு வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சொன்னது. கவுன்ட்டரில் கேட்டு வாங்கும் சளி மருந்தில் இது இருக்கிறதா என்று திருப்பிப் படிக்கும் பழக்கம் பையன்களுக்கு வர வேண்டும்.

செட்டிநாட்டுக்கென்று சில வழக்கங்கள் இருக்கின்றன. அவற்றை வெளியூரில் எழுதிய பாதுகாப்புக் குறிப்புகளில் பார்க்க முடியாது. பெரியவர் இங்கே, பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும். மருந்து வாங்க வருவது டிரைவரோ வீட்டு வேலைக்காரம்மாவோ. கையில் சீட்டு இருக்காது, காலி அட்டை இருக்கும். அதுவும் வெட்டிய அட்டை. பெயரில் பாதியும் மி.கி. எண்ணும் கத்தரியில் போயிருக்கும். மிச்சத்தைப் பார்த்து ஊகித்துக் கொடுப்பது பெரிய ஆபத்து. வீட்டுக்கு ஒரு போன் போட்டு அந்த ஆச்சியிடமே பேசிவிட வேண்டும். கடையும் அட்டையை வெட்டும்போது பேட்ச் நம்பரும் (எந்தத் தயாரிப்புத் தொகுதி என்று காட்டும் எண்) காலாவதி தேதியும் இருக்கும் முனையைக் கடைசிவரை வைத்துக்கொண்டு மறுமுனையிலிருந்து வெட்ட வேண்டும். வெட்டிக் கொடுத்த துண்டின் கவரில் மருந்தின் பெயர், மி.கி., காலாவதி மூன்றையும் எழுத வேண்டும்.

பிள்ளைகள் ஊருக்கு வரும்போது கொண்டுவரும் மருந்துகள் இன்னொரு பக்கம். பனடால் என்பதும் பாராசிட்டமால்தான், குளூக்கோஃபேஜ் என்பதும் மெட்ஃபார்மின்தான். பெயர் வேறாக இருப்பதால் இங்கே வாங்கியதையும் சேர்த்து இரண்டையும் சாப்பிடுவார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே பிரஷர், சுகர் மாத்திரை வருகிறது, நல்ல திட்டம். அதே ஆள் தனியார் டாக்டரிடமும் போய் அம்லோடிபின் சேர்ந்த மாத்திரை வாங்கினால், ஒரே மருந்து இரண்டு அட்டையில் உள்ளே போகும். கால் வீங்கும், எழுந்து நின்றால் தலை சுற்றும், விழுந்தால் இடுப்பெலும்பு. “வீட்டில் வேறென்ன மாத்திரை இருக்கு, எல்லாத்தையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாங்க” என்று வருடத்தில் இரண்டு தடவையாவது கேட்டுப் பார்த்து, ஒரே மருந்து இரண்டு இருந்தால் டாக்டருக்குச் சொல்ல வேண்டும்.

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பவர்கள் புறப்படும் முன்னால் வலி மாத்திரையை அட்டை அட்டையாக வாங்கி வைப்பார்கள். டெல்மிசார்டான் வகைப் பிரஷர் மாத்திரையும் நீர் பிரிக்கும் மாத்திரையும் சாப்பிடுபவர், வெயிலில் நடந்து உடம்பில் நீர் வற்றிய நிலையில் டைக்ளோஃபெனாக் என்னும் வலி மாத்திரையும் போட்டால் சிறுநீரகம் திடீரென்று படுத்துவிடலாம். இதய வால்வு மாற்றியவர்கள் சாப்பிடும் அசினோகூமரால் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையோடு இதே வலி மாத்திரை சேர்ந்தால் உள்ளே ரத்தப்போக்கு. “பிரஷர் மாத்திரை, ரத்தம் உறையாத மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?” என்ற ஒரு கேள்வி கேட்டால் போதும். சீட்டில்லாமல் இரண்டு வேளைக்கு மூன்று நான்கு மாத்திரையைப் பெயரில்லாத கவரில் போட்டுக் கொடுக்கும் “செட்” மருந்தை மட்டும் எந்தக் கேள்வியாலும் சரிசெய்ய முடியாது. அதில் ஸ்டீராய்டு இருந்தால் சுகர்காரருக்குச் சர்க்கரை எகிறும், ஒவ்வாமை வந்தால் எதனால் என்று எந்த டாக்டராலும் கண்டுபிடிக்க முடியாது. அதை அடியோடு நிறுத்த வேண்டும்.

இனி அந்த நோட்டு. சாதாரண நாற்பது பக்க நோட்டு போதும். ஐந்து கட்டம்: தேதியும் நேரமும், சீட்டில் இருந்தது என்ன, எடுத்தது என்ன, எந்த இடத்தில் பிடிபட்டது, ஏன் மாறியது என்று தோன்றுகிறது. எடுத்தவர் பெயருக்குக் கட்டம் கிடையாது. கடையை விட்டு வெளியே போகும் முன் பிடிபட்டதைத்தான் முக்கியமாக எழுத வேண்டும், ஏனென்றால் அவைதான் அதிகம், யாருக்கும் கெடுதல் நடக்காததால் எழுதவும் கூச்சமிருக்காது. அமெரிக்க அரசின் சுகாதார ஆய்வு முகமை 2012-ல் மருந்துக்கடை ஊழியர்களுக்கென்று ஒரு வினாத்தாள் வெளியிட்டது. ஊழியர்கள் கேள்வி கேட்கத் தயங்குகிறார்களா, ஆள் போதுமா, தவறு நடந்தால் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்பவற்றோடு, வெளியே போகும் முன் திருத்தப்பட்ட தவறு எவ்வளவு தூரம் எழுதிவைக்கப்படுகிறது என்பதையும் அது தனியாகக் கேட்கிறது. அந்தக் கேள்விகளைத் தமிழில் பேசி, ஒரு மாலை ஷட்டர் இறக்கிய பிறகு எந்தக் கடையிலும் கேட்டுப் பார்க்கலாம்.

வாரத்தில் ஒருநாள், கூட்டமில்லாத மதியத்தில், பத்து நிமிடம் எல்லாரும் அந்த நோட்டைச் சேர்ந்து படிக்க வேண்டும். “கவனமா இரு” என்பதைத் தீர்வாக எழுதக் கூடாது. அது எதையும் மாற்றாது. இந்த வாரம் டெல்மிசார்டான் 40-க்கு 80 இரண்டு தடவை மாறியதா? இரண்டையும் வேறு வேறு வரிசைக்கு மாற்று, 80 டப்பாவில் மஞ்சள் டேப் ஒட்டு. ஏழு மணிக்கு மேல்தான் தவறுகள் நடந்தனவா? அந்த நேரத்தில் பணம் வாங்க ஒருவரைத் தனியாக வை. ஒரே டாக்டரின் கையெழுத்திலேயே திரும்பத் திரும்ப மாறுகிறதா? நோட்டை எடுத்துக்கொண்டு போய் அவரிடம் காட்டு. மாற்றியதை அதே பக்கத்தில் எழுதி, அடுத்த மாதம் அது நின்றதா என்று பார்க்க வேண்டும்.

இது நடக்க, முதலாளிகள் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும். மாத்திரை மாறித் திரும்பி வந்தால் அதன் விலையைப் பையன் சம்பளத்தில் பிடிக்கும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. எல்லார் முன்னாலும் திட்டுவது இன்னும் அதிகமாக இருக்கிறது. இரண்டும் இருக்கும் கடையில் நோட்டு வெறுமையாகத்தான் இருக்கும், தவறு அப்படியே தொடரும். பிரிட்டனில் 2007-ல் ஒரு மருந்தாளுநர் பிரெட்னிசலோன் என்னும் ஸ்டீராய்டுக்குப் பதில் பிராப்ரனலால் என்னும் பிரஷர் மாத்திரையைக் கொடுத்துவிட்டார். 2009-ல் அவருக்கு நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அந்த பயத்தில் தவறுகள் மறைக்கப்படுகின்றன என்பதை அந்த நாடு உணர்ந்து, பதிவு பெற்ற மருந்தகத்தில் தெரியாமல் நடந்த பிழைக்குச் சட்டப் பாதுகாப்பை 2018-ல் கொண்டுவந்தது. தவறு தெரிந்ததும் நோயாளிக்குச் சொல்ல வேண்டும் என்பது அதற்கான நிபந்தனைகளில் ஒன்று. அந்த நிபந்தனை நமக்கும் வேண்டும். மாறிய மாத்திரை வெளியே போய்விட்டது என்று தெரிந்த நிமிடமே பில்லில் இருக்கும் எண்ணுக்குப் போன் செய்து, “சாப்பிடாதீங்க, நாங்க மாத்திக் கொடுத்துட்டோம்” என்று சொல்லி, சாப்பிட்டிருந்தால் டாக்டரோடு பேசவைத்து, ஆளை அனுப்பி மாற்றித் தர வேண்டும். அதற்காகவே பில்லில் பெயரும் போன் எண்ணும் பேட்ச் நம்பரும் இருக்க வேண்டும். 2025-ல் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகளின் உயிரைப் பறித்த இருமல் சிரப், டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சு ரசாயனம் கலந்து நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. அப்படி ஒரு பேட்சைத் திரும்பப் பெறும்போது யார் வீட்டுக்குப் போனது என்று சொல்ல முடியாத கடை அந்த வீட்டைக் காப்பாற்ற முடியாது.

கவனக்குறைவுக்கும் துணிந்து செய்வதற்கும் வித்தியாசம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறோம். 1948-ஆம் ஆண்டு மருந்தாளுநர் சட்டத்தின் 42-ஆம் பிரிவுப்படி டாக்டர் சீட்டுக்கு மருந்து கொடுக்கப் பதிவு பெற்ற மருந்தாளுநர் வேண்டும். சான்றிதழ் மட்டும் சுவரில் இருந்து ஆள் கடையில் இல்லாதது, ஹெச்1 பட்டியல் (விற்பதைத் தனிப் பதிவேட்டில் எழுதியாக வேண்டிய மருந்துகள்) மருந்தைப் பதிவேட்டில் எழுதாமல் விற்பது, காலாவதியானதைத் தெரிந்தே கொடுப்பது ஆகியவற்றுக்கு நோட்டு பாதுகாப்பு ஆகக் கூடாது. மாவட்ட மருந்து ஆய்வாளர்களை நாங்கள் கேட்பது இதுதான்: உரிமம், பதிவேடு, பில் எல்லாவற்றையும் கறாராகப் பாருங்கள். தவறு நோட்டைப் பார்த்தால் மட்டும் அதை வைத்து நோட்டீஸ் அனுப்பாதீர்கள். அதிலிருப்பதை அடுத்த கடைக்குச் சொல்லுங்கள்.

டாக்டர்களுக்கு ஒரு வேண்டுகோள். மருந்தின் பெயரைப் பெரிய எழுத்தில் தெளிவாக எழுதச் சொல்லி மருத்துவக் கவுன்சில் விதி 2016-ல் திருத்தப்பட்டிருக்கிறது. அதோடு எதற்கான மருந்து என்று ஒரு சொல், பிரஷர், தைராய்டு, வலிப்பு என்று, எழுதினால் பாதி மாற்றம் அங்கேயே பிடிபடும். சீட்டில் இருக்கும் எண்ணுக்கு மாலை எட்டு மணிக்கு நாங்கள் அழைத்தால் யாராவது எடுக்க வேண்டும். சந்தேகம் கேட்கும் மருந்தாளுநரை “இதுகூடத் தெரியாதா?” என்று சொல்லிவிட்டால் அவர் மறுபடி கேட்கமாட்டார், ஊகித்துக் கொடுத்துவிடுவார்.

வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். வீட்டுப் பெரியவர் சாப்பிடும் எல்லா மாத்திரையின் பெயரையும் மி.கி.யோடு ஒரு அட்டையில் எழுதி, ஒவ்வாமை இருந்தால் அதையும் எழுதி, மருந்து வாங்கப் போகிறவர் பையில் வையுங்கள். வாங்கிய மாத்திரை போன மாதத்து மாத்திரை போல் இல்லையென்றால் சாப்பிடும் முன் கடைக்குப் போன் செய்யுங்கள். கம்பெனி மாறியிருக்கலாம், மருந்தே மாறியிருக்கவும் கூடும். சரியான மருந்தைச் சாப்பிட்டும் தடிப்பு, மூச்சுத்திணறல், வாய்ப்புண் என்று ஏதாவது வந்தால் டாக்டரைப் பார்த்துவிட்டு, 1800 180 3024 என்ற கட்டணமில்லா எண்ணிலும் தெரிவிக்கலாம். இந்திய மருந்துப் பாதுகாப்புக் கண்காணிப்புத் திட்டத்தின் எண் அது. வட்டாரத்தில் நோட்டு வைக்க விரும்பும் கடைக்காரர்களுக்கு ஐந்து கட்டத்தை எப்படிப் போடுவது, வாரக் கூட்டத்தை எப்படி நடத்துவது என்று சொல்லித்தர நாங்கள் தயார். மாதத்தில் ஒரு ஞாயிறு மதியம், கடைகள் மூடியிருக்கும் நேரத்தில், கடை பெயரில்லாமல் நோட்டுப் பக்கங்களை மட்டும் கொண்டுவந்து சேர்ந்து படிக்கலாம் என்பது எங்கள் யோசனை.

இப்படிக்கு,
மருந்தாளுநர்கள் சிலர்,
காரைக்குடி வட்டாரம், சிவகங்கை மாவட்டம்.